நர்சிங் மாணவர்களுக்கு மொபைலும் டேப்லெட்டும்: ஹாஸ்டல் மேசை முதல் வார்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளை, சங்கரன்கோவில் என்று நாலா பக்கமிருந்தும் பாளையங்கோட்டைக்கு நர்சிங் படிக்க வரும் பிள்ளைகள் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்பது இது: "மேடம், டேப் வாங்கணுமா, போன் போதுமா?" கூட வரும் அம்மா, அப்பா கேட்பது வேறு: "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கும்மா போனு?" இரண்டு கேள்விக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஜிஎன்எம் என்னும் நர்சிங் டிப்ளமோ மூன்று வருடம், பி.எஸ்சி நர்சிங் நான்கு வருடம். அதில் பெரும்பங்கு வார்டிலும் கிராமத்திலும் கழியும். நோட்ஸ், மருந்து, கணக்கு, ரெக்கார்டு எல்லாவற்றையும் ஹாஸ்டலில் இருக்கும்போதே கருவியில் ஒழுங்காக வைத்துப் படித்துவிட்டால், வார்டுக்குள் போகும்போது கண்ணும் காதும் நோயாளியிடம் இருக்கும். போன் பைக்குள் கிடக்கும். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

படி 1: வாங்கும் முன்

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் அம்மா பீடி சுற்றிச் சேர்க்கும் காசில் படிக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, டேப்லெட் கட்டாயம் இல்லை. ஓரளவு நல்ல ஆண்ட்ராய்டு போனும் நோட்டும் பேனாவும் இருந்தால் படிப்பை நன்றாகவே முடிக்கலாம். உடனடிக் கடன் தரும் ஆப்களில் பணம் எடுத்து டேப்லெட் வாங்காதீர்கள். போனில் உள்ள தொடர்பு எண்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டாரையும் தோழிகளையும் மிரட்டும் ஆப்கள் அவற்றில் உண்டு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை இருக்கிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முதல் வருடம் போனோடு ஓட்டிவிட்டு, இந்தப் பணத்தைச் சேர்த்து இரண்டாம் வருடம் டேப்லெட் வாங்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

வாங்குவது என்று முடிவு செய்தால், முதலில் கல்லூரியில் விதியைக் கேளுங்கள். சில ஹாஸ்டல்களில் போனுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. சில இடங்களில் டேப்லெட்டை மட்டும் படிப்பு நேரத்தில் விடுவார்கள். அப்புறம் அளவு. பாடப்புத்தகத்தின் பிடிஎஃப் பக்கத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்காமல் படிக்கப் பத்து அங்குலத் திரை வேண்டும். சேமிப்பு 128 ஜிபி இருந்தால் நல்லது, குறைவாக இருந்தால் மெமரி கார்டு போட வசதி வேண்டும். சிம் போடும் மாடலுக்கு அதிகப் பணம் தர வேண்டாம். வைஃபை மாடல் போதும், போனில் இருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்துக்கொள்ளலாம். உடற்கூறு படம் வரைய ஸ்டைலஸ் நல்ல உதவி. அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டர் திருநெல்வேலியிலேயே இருக்கிறதா என்று கடை அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளினிகல் போஸ்டிங் என்னும் மருத்துவமனைப் பயிற்சி நடுவே ரிப்பேருக்காக மதுரைக்கு அலைய முடியாது.

படி 2: பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டியவை

ஆறு இலக்கப் பின் வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம். திரை பூட்டியிருக்கும்போது வாட்ஸ்அப் செய்தி மேலே தெரியாதபடி மறைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் தானாக கேலரிக்குப் போவதையும், கேலரியில் உள்ளவை தானாக கூகுள் போட்டோஸுக்கு ஏறுவதையும் நிறுத்துங்கள். ஏன் என்பது படி 7-ல் வரும்.

டயலரில் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண், அதாவது போனின் அடையாள எண் தெரியும். அதை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் போன் தொலைந்துபோனால், போலீசில் புகார் கொடுத்துவிட்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து போனை முடக்கலாம்.

படி 3: நோட்ஸுக்கு ஒரு ஒழுங்கு

செமஸ்டருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் பாடத்துக்கு ஒன்று, அதற்குள் வகுப்பு நோட்ஸ், ரெக்கார்டு, பழைய வினாத்தாள். அவ்வளவு போதும். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது தேதியும் தலைப்பும் சேர்த்து வையுங்கள். 'நியூ டாகுமெண்ட் 47' என்று கிடக்கும் ஃபைலைத் தேர்வுக்கு முந்தைய இரவு யாராலும் தேட முடியாது. கையால் எழுதும் நோட்டை விடாதீர்கள். எழுதிய பக்கத்தை அன்றைக்கே ஸ்கேன் செய்து உள்ளே போடுங்கள். கூகுள் டிரைவ் ஆப்பிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறியதை நம் பக்கத்தார் யாரும் மறக்கவில்லை. கரண்டும் டவரும் இல்லாத அந்த நாட்களில் ஆன்லைனில் மட்டும் வைத்திருந்த நோட்ஸ் யாருக்கும் பயன்பட்டிருக்காது. நனைந்த நோட்டுக்கோ வேறு நகல் இருக்காது. ஆகவே முக்கியமானவை மூன்று இடத்தில் இருக்கட்டும்: கருவிக்குள், கூகுள் டிரைவில், வீட்டில் உள்ள ஒரு பென்டிரைவில். டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி எழுத்துக்கும் பிடிஎஃபுக்கும் தாராளம்; வீடியோவை ஏற்றினால் ஒரே மாதத்தில் நிரம்பிவிடும்.

டெலிகிராமில் சுற்றும் பாடப்புத்தக பிடிஎஃப்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது திருட்டு நகல் என்பதோடு, பெரும்பாலும் பழைய பதிப்பு. இதயம் நின்றவருக்குச் செய்யும் உயிர்காப்பு முதலுதவியான சிபிஆரில் மார்பை அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்று 2015-ல்தான் மேல்வரம்போடு வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் 'குறைந்தது 100' என்று மட்டும் இருக்கும். அதைப் படித்துவிட்டு வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கல்லூரி நூலகத்தில் புதிய பதிப்பைக் கேளுங்கள். ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்நூலகமும் இலவசம்தான்.

படி 4: படிக்க வைக்கும் ஆப்கள்

ஆங்கி என்று ஒரு ஆப் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஆங்கிட்ராய்டு என்ற பெயரில் இலவசம், ஐபோனில் காசு. கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம் என்று அட்டைகள் செய்து வைத்தால், நீங்கள் மறக்கப்போகும் சமயத்தில் அதே அட்டையை மறுபடி காட்டும். நார்மல் வேல்யூக்கள், மருந்தின் பக்க விளைவுகள், மண்டை நரம்புகள் பன்னிரண்டு ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. யாரோ செய்து வைத்த அட்டைகளை இறக்காமல் நீங்களே செய்யுங்கள். செய்யும்போதே பாதி மனசில் ஏறிவிடும். செங்கோட்டை பாசஞ்சரில் தினமும் வந்துபோகும் பிள்ளைகளுக்கு இது ரொம்பவும் பொருந்தும்.

ஸ்கில் லேபில் சிபிஆர் பழகும்போது ஒரு மெட்ரோநோம் ஆப்பை 110-ல் ஓடவிட்டு அந்தத் தட்டலுக்கு அழுத்துங்கள். சில நாளில் வேகம் கையிலேயே தங்கிவிடும். நுரையீரல் ஒலிகளையும் இதயத்தின் மர்மர் ஒலிகளையும் ஹெட்போன் போட்டு முதல் நாள் இரவே திரும்பத் திரும்பக் கேளுங்கள். வார்டில் ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது எதைத் தேடுகிறோம் என்று காதுக்குத் தெரியும். பிரசவப் பகுதிக்குப் போகிறவர்கள் சேஃப் டெலிவரி ஆப்பை இறக்கிக்கொள்ளலாம். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, குழந்தை மூச்சு விடாமல் பிறப்பது போன்ற அவசரங்களுக்கான செயல்முறையை வீடியோவாகக் காட்டும். ஒரு முறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் வருடம் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மிரள்வது இயல்பு. அவர்களுக்கு நான் சொல்லும் வழி: ஒரு பத்தியைப் படித்ததும் போனில் ரெக்கார்டரை ஆன் செய்து, அந்த விஷயத்தை உங்கள் ஊர் ஆச்சிக்குச் சொல்வது போலத் தமிழில் சொல்லுங்கள். எந்த இடத்தில் வாய் தடுமாறுகிறதோ, அந்த இடம் இன்னும் புரியவில்லை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு வருடம் கழித்து சர்க்கரை நோயாளிக்குக் காலைப் பார்த்துக்கொள்ளும் விதத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது, தமிழ் தயாராக இருக்கும்.

படி 5: மருந்தும் கணக்கும்: இங்கேதான் அதிகக் கவனம்

மெட்ஸ்கேப், எம்எஸ்டி மேனுவல் இரண்டும் இலவசம், தரமானவை. ஆனால் அவை அமெரிக்காவில் இருந்து வருகின்றன. அங்கே பாராசிட்டமாலுக்குப் பெயர் அசிட்டமினோஃபென். சல்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், லிக்னோகெயின் லிடோகெயின், பெத்திடின் மெபெரிடின். தேடியது கிடைக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பெயரை விட ஆபத்தானது அளவு. 12 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால் என்றால் 180 மி.கி. அமெரிக்க சிரப் 5 மி.லி.யில் 160 மி.கி. என்பதால் அங்கே 5.6 மி.லி. வரும். நம் வார்டில் உள்ள பாட்டில் 5 மி.லி.யில் 125 மி.கி. என்றால் 7.2 மி.லி., 250 மி.கி. என்றால் 3.6 மி.லி. ஒரே குழந்தை, ஒரே மருந்து, மூன்று விடை. ஆகவே மில்லிகிராமை மட்டும் ஆப்பில் பாருங்கள். மில்லிலிட்டரை கையில் உள்ள பாட்டிலின் லேபிளைப் பார்த்து நீங்களே போடுங்கள்.

இன்சுலினில் இது இன்னும் கூர்மை. நம் அரசு மருத்துவமனைகளில் ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள வயல் (மருந்துக் குப்பி) சகஜம். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஒரு மி.லி.யில் 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாமே 100-ஐ மனதில் வைத்துத்தான் பேசும். 100 யூனிட் வயலை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து நோயாளி மயங்கிப் போவார். வீடியோவில் இழுக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். வயலும் சிரிஞ்சும் பொருந்துகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து, கூட உள்ள ஸ்டாஃப் சிஸ்டரிடம் காட்டி உறுதி செய்யுங்கள்.

டிரிப் வேகத்துக்கு ஆப் நிறைய உண்டு. ஆனாலும் கணக்கை முதலில் கையால் போடுங்கள். மொத்த மி.லி.யை, டிரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு விழும் சொட்டு எண்ணிக்கையால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 500 மி.லி., 4 மணி நேரம், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விடும் செட் என்றால், 500 பெருக்கல் 20 வகுத்தல் 240. நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. விடை வந்தபின் ஆப்பில் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவதாக இன்னொரு முறை போடுங்கள். சொட்டு எண்ணிக்கை செட்டின் உறையில் அச்சாகியிருக்கும். குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் அது 60. ஆப்பில் எந்த எண் போட்டிருக்கிறது என்று பார்க்காமல் விடையை நம்பக் கூடாது.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். புரியாத பாடத்தை எளிமையாக விளக்கச் சொல்லலாம், உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லலாம். அதற்கெல்லாம் நல்ல துணை. மருந்தின் அளவையோ, ஒரு மருந்தை இன்னொன்றோடு கலக்கலாமா என்பதையோ அவற்றிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். தப்பான எண்ணையும் அவை ரொம்ப உறுதியான குரலில் சொல்லும். நோயாளியின் பராமரிப்புத் திட்டமான கேர் பிளானை அப்படியே அதில் எழுதி வாங்கினால் டியூட்டருக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும், ஏனென்றால் உங்கள் நோயாளி அதில் இருக்க மாட்டார்.

படி 6: வார்டுக்குள்

விதி எளிது. இன்சார்ஜ் சிஸ்டரோ டியூட்டரோ அனுமதிக்காமல் போன் வெளியே வரக் கூடாது. வந்தாலும் நோயாளியின் கட்டில் பக்கத்தில் வேண்டாம். நர்சிங் ஸ்டேஷனில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள். நோயாளிக்குத் தெரியாது நீங்கள் மருந்தைத் தேடுகிறீர்களா, ரீல்ஸ் பார்க்கிறீர்களா என்று. அவர் கண்ணுக்கு, வலியில் கிடக்கும் தன்னை விட்டுவிட்டு சிஸ்டர் போன் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

நாடித்துடிப்பும் மூச்சும் எண்ண விநாடி முள் உள்ள வாட்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், அதுவும் நோயாளி அறியாமல். மணிக்கட்டைப் பிடித்தபடியே நாடி பார்ப்பது போல மார்பைக் கவனிக்க வேண்டும். போனைத் தூக்கிப் பிடித்தால் அவருக்குத் தெரிந்து, மூச்சின் போக்கே மாறிவிடும்.

அனுமதி இருந்தால் போனில் உள்ள டைமர் சில வேலைக்கு நன்றாக உதவும். பாம்புக்கடியோடு வருபவருக்கு ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். வயலும் வரப்பும் உள்ள நம் மாவட்டத்தில் இதை நீங்கள் கட்டாயம் பார்ப்பீர்கள். அவசரத்தில் 'இருபது ஆகியிருக்கும்' என்ற மனக்கணக்கு இங்கே உதவாது. பிறந்த குழந்தையின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் 1-வது, 5-வது நிமிட ஆப்கார் மதிப்பீடு, ரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடக் கண்காணிப்பு இவற்றுக்கும் அப்படியே.

படி 7: நோயாளியின் விவரம் போனுக்குள் வரவே கூடாது

கேஸ் பிரசன்டேஷனுக்காக கேஸ் ஷீட்டை டக்கென்று ஒரு போட்டோ எடுப்பது பலருக்கும் வரும் ஆசை. எடுக்காதீர்கள். எடுத்த படம் கேலரியில் இருந்து தானாக ஆன்லைனுக்குப் போகும், வகுப்பு குரூப்பில் விழும், அங்கிருந்து அறுபது போனுக்குப் பரவும். அதன்பின் அழிக்க வழி இல்லை. தேவையானதைச் சின்ன நோட்டில் கையால் எழுதுங்கள்: பெயர் வேண்டாம், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) வேண்டாம், படுக்கை எண் வேண்டாம், ஊர் வேண்டாம்.

ஊர் ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் "எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வீடு" என்று மூன்று கேள்வி போதும், ஆள் யார் என்று தெரிந்துவிடும். 'கடையம் பக்கத்தில் ஒரு கிராமம், 19 வயசுப் பெண், விஷம் குடித்தது' என்று குரூப்பில் போட்டால், பெயர் போடாவிட்டாலும் அந்த வீட்டுப் படியேறிப் போய் ஊர் விசாரிக்கும். 'பெண், இருபதுக்குள், அவசர சிகிச்சைப் பிரிவு' என்பது படிப்புக்குப் போதுமானது.

சட்டமும் இதில் உறுதியாக இருக்கிறது. ஒருவருக்கு எச்ஐவி இருப்பதை வெளியே சொல்வதை 2017-ம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. பிரசவ வார்டில் 18 வயது நிரம்பாத பெண் இருந்தால் அது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்துக்குள் வரும். அந்தப் பிள்ளையின் அடையாளம் எந்த வழியிலும் வெளியே போகக் கூடாது. மாணவி என்பதால் உங்களுக்கு விலக்கு இல்லை.

யூனிபார்மில் செல்ஃபி எடுக்கும் ஆசை இருக்கும், தப்பில்லை. கல்லூரி வாசலில் எடுங்கள். வார்டில் எடுத்தால் பின்னால் ஒரு கட்டில், ஒரு முகம், ஒரு பெயர்ப் பலகை கட்டாயம் வந்துவிடும். "ஏம்மா, என்னையப் படம் புடிக்கியா?" என்று ஒரு ஆச்சி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டால், உங்கள் மீது அவர் வைத்த நம்பிக்கை அதோடு போயிற்று. அப்புறம் எத்தனை முறை பி.பி. பார்த்தாலும் தன் வலியை உங்களிடம் சொல்ல மாட்டார்.

படி 8: சுத்தம்

மருத்துவமனைக்குப் போய்வரும் போன்களில் கிருமிகள் ஒட்டியிருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள்தான் அடிக்கடி கிடைப்பவை. க்ளவுஸ் போட்ட கை போனைத் தொடக் கூடாது. தனிமைப்படுத்தும் வார்டுக்குப் போகும்போது போனை வெளியே லாக்கரில் விடுங்கள். டூட்டி முடிந்ததும், சாப்பிடும் முன், போனை அணைத்து, கவரைக் கழற்றி, 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் உள்ள துடைப்பானால் திரையையும் ஓரங்களையும் துடைத்து, தானாகக் காயவிடுங்கள். நேரடியாக ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், பிளீச்சிங் கரைசல் வேண்டவே வேண்டாம். பிறகு சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவுங்கள். துணிக் கவரும் பர்ஸ் மாதிரி மடக்கும் கவரும் நர்சிங் மாணவிக்கு ஆகாது; துடைக்கக்கூடிய சிலிக்கான் கவர் வாங்குங்கள்.

படி 9: கிராம போஸ்டிங்

மணிமுத்தாறுக்கு மேலே மலைப் பக்கம் சிக்னலை நம்ப முடியாது. ஆகவே மேப்பை முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்குங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்வது, தாய்ப்பால் கொடுக்கும் நிலைகள், கை கழுவும் முறை என்று காட்ட வேண்டிய படங்களையும் இறக்கி வையுங்கள். டேப்லெட்டின் பெரிய திரை இங்கேதான் பயன்படும். திண்ணையில் உட்கார்ந்து நாலு அம்மாக்களுக்கு ஒன்றாகக் காட்டலாம். ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று படத்தில் காட்டிவிட்டு, அவர்கள் வீட்டுக் குடத்தில் எத்தனை செம்பு ஒரு லிட்டர் என்று அங்கேயே அளந்து காட்டுங்கள். படம் பாதி வேலை, செம்புதான் மீதி.

கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளின் விவரத்தை பிக்மி இணையதளத்தில் பதிவு செய்வதை அருகில் இருந்து பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள். அவருடைய பாஸ்வேர்டை வாங்கி உங்கள் போனில் திறக்காதீர்கள், அவரே சொன்னாலும்கூட. வெயில் நேரத்தில் டேப்லெட்டைப் பைக்குள் துணி சுற்றி வையுங்கள். சூடேறிய பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள். காது கேளாத ஒருவரைச் சந்தித்தால், எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால், பெரிய எழுத்தில் தமிழில் டைப் செய்து காட்டுங்கள். ஆனால் ஒப்புதல் வாங்கும் வேலைக்கு ஆப் போதாது. மொழி பெயர்க்கவோ சைகை பேசவோ தெரிந்த ஆள் வேண்டும். இந்தி மட்டும் தெரிந்த வடமாநிலத் தொழிலாளிக்கும் அதுதான்.

படி 10: கடைசி வருடத்தில்

படிப்பு முடியும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கருவியைச் சுத்தப்படுத்துங்கள். கேஸ் ஸ்டடி வரைவுகள், குரூப்பில் வந்த பழைய படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ட்ராஷ் ஃபோல்டரையும் காலி செய்யுங்கள். 10-ம், 12-ம் வகுப்பு மதிப்பெண் சான்றுகளை டிஜிலாக்கரில் சேருங்கள். மற்ற சான்றிதழ்களை வண்ணத்தில், நான்கு ஓரமும் தெரியும்படி ஸ்கேன் செய்து தனி ஃபோல்டரில் வையுங்கள். தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்யும்போதும், பின்னால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கேட்பது இவைதான். வெளிநாட்டு வேலை என்று வாட்ஸ்அப்பில் வரும் யாருக்கும் இந்த ஃபோல்டரை அனுப்பும் முன், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் அந்த வேலையைப் பற்றி விசாரியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.